டொய்லட் தண்ணீர் இறங்கவில்லையா? பவுசரைக் கூப்பிடும் முன் பார்க்க வேண்டியவை

மே மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் வத்தளை, ஹெந்தளை, தெஹிவளை, கொலன்னாவைப் பக்கங்களில், செப்டிக் டேங்கின் கழிவை உறிஞ்சி எடுக்கும் கலி பவுசர்காரர்களின் தொலைபேசி ஓயாது. கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் ஒன்றையே சொல்கிறார்கள்: “அண்ணே, டேங்க் நிரம்பிட்டுது, உடனே ஒரு பவுசர் அனுப்புங்க.” பவுசர் வருகிறது, இழுக்கிறது, காசை வாங்கிக்கொண்டு போகிறது. சில நாளில் கொமட்டில் மறுபடி தண்ணீர் மேலே நிற்கிறது. மறுபடி பவுசர்.

செப்டிக் டேங்க் எப்போதும் நிரம்பியேதான் இருக்கும். அப்படி இருந்தால்தான் அது வேலை செய்கிறது. மூடியைத் திறந்து தண்ணீரைக் கண்டதும் பவுசருக்கு அழைப்பதால் கொழும்புச் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்களின் பணம் வீணாகிறது. உண்மையான பழுது வேறெங்கோ வளர்ந்துகொண்டிருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் வழியைத்தான், வீட்டில் தெரியும் அறிகுறியிலிருந்து தொடங்கி, இங்கே எழுதுகிறேன். டேங்கின் மூடி எங்கே என்றே தெரியாதவர்கள் கடைசிப் பகுதியை முதலில் வாசித்துவிட்டு வாருங்கள்.

எதையும் திறப்பதற்கு முன் மூன்று கட்டுப்பாடுகள். டேங்குக்குள்ளோ, டேங்கின் நீர் மண்ணில் ஊறப் போகும் சோக் பிட் குழிக்குள்ளோ யாரும் இறங்கக் கூடாது. தலையை உள்ளே நீட்டிப் பார்க்கவும் கூடாது. பக்கத்தில் சிகரெட், தீக்குச்சி, லைட்டர் எதுவும் வேண்டாம், உள்ளே மீதேன் இருக்கிறது. மூடி திறந்திருக்கும் நேரம் முழுவதும் பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். பிள்ளைகளும் நாயும் வீட்டுக்குள் இருக்கட்டும்.

உங்கள் வீட்டில் டேங்க் இருக்கிறதா?

வேடிக்கையான கேள்வியாகத் தோன்றலாம், ஆனால் இதுதான் முதல் படி. கொழும்பு மாநகர எல்லைக்குள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய்கள் போடப்பட்டன. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை வீடுகளில் பெரும்பாலானவை அந்தக் குழாய்களில்தான் இணைந்திருக்கின்றன. அந்தக் கழிவு பம்ப் நிலையங்கள் வழியாக வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் உள்ள நீண்ட குழாய்களால் கடலுக்குள் அனுப்பப்படுகிறது. அப்படி இணைந்த வீட்டில் தண்ணீர் நின்றால் பவுசரால் ஒரு பயனும் இல்லை. வளவுக்குள் இருக்கும் மேன்ஹோல் காய்ந்திருந்தால் அடைப்பு வீட்டுக் குழாயில். நிரம்பியிருந்தால் தெருப் பக்கத்தில். தெருப் பக்க அடைப்பு மாநகர சபையின் வேலை.

மாநகர எல்லையைத் தாண்டினால் சில இடங்களைத் தவிர ஏறக்குறைய எல்லா வீடுகளும் செப்டிக் டேங்கை நம்பியவை. சில பழைய வீடுகளில் டேங்கே கிடையாது, அடிபோடாத வெறும் குழிதான். கீழே சொல்வது டேங்கும் சோக் பிட்டும் உள்ள வீடுகளுக்கு.

உள்ளே நடப்பது

டொய்லட்டிலிருந்து வருவது டேங்கில் மூன்றாகப் பிரிகிறது. கனமானது அடியில் சேறாகப் படிகிறது. எண்ணெய், சவர்க்கார நுரை போன்றவை மேலே தடித்த ஏடாக மிதக்கின்றன. நடுவில் ஓரளவு தெளிந்த நீர். காற்றில்லாத இடத்தில் வாழும் பக்டீரியாக்கள் சேற்றின் ஒரு பகுதியைத் தின்று குறைக்கின்றன. நடு நீர் மட்டும் வெளிக்குழாய் வழியாக சோக் பிட்டுக்குப் போய் மண்ணில் ஊறுகிறது. ஏடும் சேறும் வெளியேறாமல் தடுப்பது வெளிவாயில் உள்ள ‘டீ’ வடிவக் குழாய். அதன் கீழ்க்கால் நீருக்குள் ஆழமாக இறங்கி, நடு நீரை மட்டும் எடுக்கும். விலை மலிவான இந்தத் துண்டு உடைந்துபோனால், விலை கூடிய சோக் பிட் பாழாகிவிடும். உடைந்தது மேலேயிருந்து யார் கண்ணுக்கும் படாது.

ஆகவே டேங்கைத் திறந்தால் நீரின் மேல்மட்டம் வெளிக்குழாயின் அடிவிளிம்போடு சமமாக நிற்க வேண்டும். உள்வரும் குழாய் அதைவிட இரண்டு மூன்று அங்குலம் உயரத்தில் இருக்கும். இந்த ஒரு மட்டத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதி நோயை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

அறிகுறி: ஒரு டொய்லட் மட்டும் மெதுவாக இறங்குகிறது

மற்ற டொய்லட் சரியாக இறங்கினால் டேங்கில் குற்றமில்லை. அந்த கொமட்டின் வளைவில் அல்லது அதிலிருந்து வரும் கிளைக் குழாயில் ஏதோ சிக்கியிருக்கிறது. பெரும்பாலும் பிள்ளைகளின் பம்பர்ஸ், சனிட்டரி நப்கின், ஈர டிஷ்யூ. சில வீடுகளில் விளையாட்டுச் சாமான். ரப்பர் பம்பால் நன்றாக அழுத்தி இழுத்துப் பாருங்கள். அசையாவிட்டால் குழாய் வேலை செய்யும் பைப் பாஸைக் கூப்பிட்டு ஸ்பிரிங் கம்பி விடச் சொல்லுங்கள். போத்தல் போத்தலாக அசிட் ஊற்ற வேண்டாம். பிளாஸ்டிக் துணியை அசிட் கரைக்காது, ஆனால் டேங்குக்குள் போய் பக்டீரியாவைக் கொல்லும். அதற்குப் பிறகு கம்பி விட வருகிறவரின் கையிலும் கண்ணிலும் அந்த அசிட்தான் தெறிக்கும்.

அறிகுறி: எல்லா டொய்லட்டும் ஒன்றாக நிற்கிறது

முதலில் டேங்குக்கு முந்திய மேன்ஹோலைத் திறவுங்கள். அது காய்ந்திருந்தால் அடைப்பு வீட்டுக்கும் மேன்ஹோலுக்கும் இடையில். அது நிரம்பி, டேங்கின் நீர்மட்டம் சரியாக இருந்தால் அடைப்பு மேன்ஹோலுக்கும் டேங்குக்கும் இடையில், அநேகமாக உள்வாயில் கட்டியாகப் படிந்த ஏட்டில். நீண்ட தடியால் உடைத்துவிட்டால் ‘கடகட’ என்று இறங்கிவிடும். இரண்டுக்கும் பவுசர் தேவையில்லை.

மேன்ஹோல், டேங்க் இரண்டும் நிரம்பி, நீர்மட்டம் வெளிக்குழாயை மூடி மேலே ஏறியிருந்தால் சோக் பிட் மூடியையும் திறக்க வேண்டும். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் பாதியில் நிறுத்திவிட்டு பவுசருக்கு அழைக்கிறார்கள். சோக் பிட்டில் தண்ணீர் தாழ்ந்திருக்க டேங்க் மட்டும் உயர்ந்திருந்தால் வெளிவாயின் ‘டீ’ அல்லது இடைக் குழாய் அடைத்திருக்கிறது. ஏடு தடித்து வெளிவாய்க்குள் இறங்கியிருக்கும். அப்போது சேறும் அளவை மீறியிருக்க வாய்ப்பு அதிகம். பவுசர் தேவைப்படும் இடம் இதுதான். சோக் பிட்டும் குழாய் மட்டம் வரை நிரம்பியிருந்தால் நோய் சோக் பிட்டில். டேங்கை மட்டும் இழுத்தால், அது மறுபடி நிரம்பும் அந்தச் சில நாளுக்குத்தான் நிம்மதி.

பவுசர் தேவையா என்பதை அளந்து பாருங்கள்

எட்டடி நீளமான தடி ஒன்றின் கீழ்முனையில் வெள்ளைத் துவாய்த் துணியைச் சுற்றிக் கட்டுங்கள். துணி மூன்று நான்கு அடி உயரத்துக்கு இருக்கட்டும். வெளிவாய்ப் பக்க மூடி வழியாக மெதுவாக அடிவரை இறக்கி, சில நிமிடம் அசையாமல் வைத்து, நேராக மேலே எடுங்கள். துணியில் கறுப்பாக ஒட்டியிருக்கும் உயரம்தான் சேற்றின் தடிப்பு. அது நீர் ஆழத்தில் மூன்றில் ஒன்றை நெருங்கினால் இழுக்கும் காலம் வந்துவிட்டது.

கணக்காலும் இதைச் சரிபார்க்கலாம். 2 மீற்றர் நீளம், 1 மீற்றர் அகலம், 1.5 மீற்றர் நீர் ஆழம் என்றால் 3,000 லீற்றர். ஒருவருக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 40 லீற்றர் சேறு சேரும் என்று வைத்துக்கொண்டால் ஐந்து பேருக்கு 200 லீற்றர். மூன்றில் ஒரு பங்கான 1,000 லீற்றர் சேர ஐந்து வருடம். அனெக்ஸ் வாடகைக்காரர், மேல்மாடி போர்டிங் பிள்ளைகள் என்று இன்னும் ஐந்து பேரைச் சேர்த்தால் அது இரண்டரை வருடமாகச் சுருங்கும். கொழும்பில் டேங்க் மாறாமல் ஆட்கள் மட்டும் கூடிக்கொண்டு போகும் வீடுகள் எத்தனையோ. பெற்றோர் காலத்தில் பத்து வருடம் பவுசர் வரவில்லை என்பதை இன்றைக்கு அளவுகோலாக எடுக்க முடியாது.

அறிகுறி: பவுசர் வந்துபோய் சில நாளில் மறுபடி நின்றுவிட்டது

இந்த அறிகுறிக்குத்தான் அதிகம் எழுத வேண்டும், ஏனெனில் அதிகப் பணம் போவது இங்கே.

முதல் சந்தேகம் இழுத்த விதத்தில். பவுசரின் கொள்ளளவு டேங்கைவிடச் சிறியதாக இருந்தால், எளிதில் வரும் நடு நீரை மட்டும் உறிஞ்சிக்கொண்டு போய்விடுவார்கள். அடியில் இறுகிய சேறு அப்படியே இருக்கும். ஆகவே அழைக்கும்போதே டேங்கின் அளவைச் சொல்லி, எத்தனை தடவை வர வேண்டும் என்று கேளுங்கள். இழுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். இரண்டு அறை உள்ள டேங்கானால் இரண்டு மூடியும் திறக்கப்பட வேண்டும். முதல் அறையில்தான் சேறு அதிகம். நீண்ட தடியால் சேற்றைக் கலக்கி, தண்ணீரோடு சேர்த்து இழுக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் டோர்ச் அடித்து, வெளியே நின்றபடியே ‘டீ’ இருக்கிறதா, சுவரில் வெடிப்பு உண்டா என்று பார்த்துவிடுங்கள். பல வருடத்துக்கு ஒரு தடவை கிடைக்கும் சந்தர்ப்பம் அது. உள்ளே சிறிது சேறு மிஞ்சினால் பாதகமில்லை. டெட்டோல், பிளீச்சிங் போட்டுக் கழுவ வேண்டாம்.

இரண்டாவது, டேங்க் காலியாகிக்கொண்டிருக்கும்போது வெளிக்குழாய் வழியாகத் தண்ணீர் பின்னோக்கி டேங்குக்குள் ஓடி வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் சோக் பிட் நிறைந்து நிற்கிறது, மண் குடிப்பதை நிறுத்திவிட்டது. மேலே சொன்னபடி மூடியைத் திறந்து பார்க்க முடியாத வீடுகளில் இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

சோக் பிட் ஏன் அடைக்கிறது? அதன் சுவரிலும் அடியிலும் கறுத்த, வழுவழுப்பான உயிர்ப்படலம் ஒன்று வளரும். தெளிந்த நீர் மட்டும் வந்தால் அது மெல்லியதாகவே இருந்து, நீரை வடிகட்டவும் உதவும். டேங்கிலிருந்து சேறு தப்பி வந்தால் படலம் தடித்து மண்ணின் துளைகளை மூடிவிடும். ‘பவுசருக்குச் செலவழிக்காமல்’ பல வருடம் ஓட்டியதன் விலை இங்கேதான் கட்டப்படுகிறது.

அதற்குள் புதிய குழி வெட்ட அவசரப்பட வேண்டாம். குழிக்குள் போகும் தண்ணீரைக் குறைக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். சிஸ்டனின் மேல் தொட்டிக்குள் கேசரிக்குப் போடும் கலர் கொஞ்சம் கலந்து, அரைமணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கொமட்டில் நிறம் தெரிந்தால் வால்வ் ஒழுகுகிறது. சத்தமே இல்லாமல் ஒழுகும் ஒரு சிஸ்டன் நாளுக்கு நூற்றுக்கணக்கான லீற்றரை டேங்குக்குள் தள்ளும். சில நூறு ரூபாய் ரப்பர் வாஷரால் தீரும் கோளாறு இது.

அடுத்தது வோஷிங் மெஷின். மேலே திறக்கும் பெரிய மெஷின் ஒரு தடவைக்கு நூறு லீற்றருக்கு மேல் வெளியேற்றும். ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் நான்கு தடவை ஓடினால் டேங்கில் நீர் தங்கிப் படிய நேரம் கிடைக்காது. சேறு கிளம்பி சோக் பிட்டுக்கு ஓடும். துணியை வாரத்தில் பிரித்துத் துவையுங்கள். இடமிருந்தால் குளிக்கும், துவைக்கும் தண்ணீரைத் தனி ஊறு குழிக்குத் திருப்புங்கள். குசினித் தண்ணீருக்கு ஒரு கொழுப்புத் தொட்டி கட்டாயம் வேண்டும்: தேங்காயெண்ணெயும் இறைச்சிக் கொழுப்பும் அதில் மிதந்து நிற்கும், வாராவாரம் அள்ளிப் போடலாம்.

இவ்வளவு செய்தும் குழி இறங்காவிட்டால் இரண்டாவது குழிதான் வழி. அப்போதும் பழையதை மூடிப் புதைத்துவிடாதீர்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு திருப்புப் பெட்டி கட்டி, பழைய குழியை ஆறு மாதமாவது ஓய்வில் விட்டால் படலம் காற்றுப் பட்டுக் காய்ந்து, மண் ஓரளவு பழைய நிலைக்குத் திரும்பும். பிறகு மாறி மாறிப் பாவிக்கலாம். புதிய இடத்தில் ஓரடிக் குழி ஒன்றை வெட்டி, இரவு முழுவதும் தண்ணீர் ஊறவிட்டு, மறுநாள் மறுபடி நிரப்பி, ஓரங்குலம் குறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்தால் அங்கே சோக் பிட் வெட்டுவது பணத்தைப் புதைப்பது. எஸ்.எல்.எஸ். 745 என்ற இலங்கைத் தரநிலை டேங்கின் அளவுகளையும் சோக் பிட்டையும் பற்றியதே. கட்டும் பாஸுக்கு அதன்படி கட்டத் தெரியுமா என்று கேட்டுவிட்டுக் கூலி பேசுங்கள்.

கடையில் விற்கும் பக்டீரியாத் தூளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டேங்கில் போதுமான பக்டீரியா நம் குடலிலிருந்தே வருகிறது. ஈஸ்ட், சீனி, மண்ணெண்ணெய் என்று ஊரில் சொல்லும் எதுவும் இறுகிய சேற்றை மறையச் செய்யாது. மண்ணெண்ணெய் நிலத்தடி நீரைக் கெடுப்பதுதான் மிச்சம்.

அறிகுறி: மழை பெய்தால் மட்டும் நிற்கிறது

மழை விட்ட சில நாளில் தானாகச் சரியாகிவிட்டால் டேங்க் அல்ல, நிலம் நிரம்பியிருக்கிறது. கொழும்பில் எல்லா மண்ணும் ஒன்றல்ல. உள்பக்கத்து கபொக் எனும் செம்பூறாங்கல் மண் மேட்டில் குழி வருடம் முழுவதும் குடிக்கும். ஹெந்தளை போன்ற கரையோர மணலில் தண்ணீர் வேகமாக இறங்கும், ஆனால் நிலத்தடி நீர் சில அடியிலேயே நிற்கும். கொலன்னாவை, வெல்லம்பிட்டிய பக்கங்களில் சதுப்பை நிரப்பிய காணியானால் மழைக்காலத்தில் சோக் பிட்டுக்குள் வெளியிலிருந்தே நீர் வரும். குழியின் அடிக்கும் மழைக்கால நீர்மட்டத்துக்கும் இடையே ஒரு மீற்றருக்கு மேல் காய்ந்த மண் இருந்தால்தான் அது சோக் பிட். இல்லாவிட்டால் அது கிணறு. அப்படிப்பட்ட காணியில் ஆழ வெட்டுவது நோயைக் கூட்டும். அகலமாக, ஆழம் குறைத்து, மண் மேடு போட்டு அதற்குள் ஊறவிடுவது, அல்லது கல் நிரப்பிய வடிகட்டி அறையுள்ள, நீர் கசியாத டேங்கைக் கட்டுவது என்று யோசிக்க வேண்டும்.

ஆனால் அதற்கு முன் கூரையைப் பாருங்கள். பீலித் தண்ணீரை இறக்கும் குழாயை ‘பக்கத்தில்தானே இருக்கிறது’ என்று மேன்ஹோலுக்குள் விட்ட வீடுகள் நிறைய. கொழும்பில் வருடத்துக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர் மழை. 100 சதுர மீற்றர் கூரையில் 50 மில்லிமீற்றர் பெய்தாலே 5,000 லீற்றர். எந்த வீட்டு டேங்கும் தாங்காது. பீலியைப் பிரித்து மழைநீர்க் கானுக்கு விடுங்கள். மேன்ஹோல் மூடி நிலமட்டத்துக்குத் தாழ்ந்திருந்தால் நான்கு அங்குலம் உயர்த்திக் கட்டுங்கள்.

இரவில் ஒரு சோதனை செய்யலாம். எல்லாரும் படுத்த பிறகு டேங்கின் நீர்மட்டத்தைத் தடியில் குறித்து, காலையில் யாரும் டொய்லட் போவதற்கு முன் மறுபடி பாருங்கள். ஏறியிருந்தால் வெளியிலிருந்து நீர் நுழைகிறது, அல்லது சிஸ்டன் ஒழுகுகிறது. வெளிக்குழாயின் அடிவிளிம்புக்குக் கீழே இறங்கியிருந்தால் டேங்கே ஒழுகுகிறது. பக்கத்தில் கிணறு இருப்பவர்கள் இதை அலட்சியம் செய்யவே கூடாது.

வெள்ளம் நிற்கும்போது பவுசரைக் கூப்பிட வேண்டாம். சுற்றிலும் நீர் நிறைந்த மண்ணில் டேங்கைக் காலி செய்தால், கீழிருந்து வரும் அழுத்தத்தில் பிளாஸ்டிக், ஃபைபர் டேங்குகள் மேலே மிதந்து எழும். சீமெந்து டேங்கின் அடித்தளம் வெடிக்கும். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியதுபோல் நீர் வளவுக்குள் ஏறினால் டொய்லட் பாவிப்பதையே நிறுத்திவிட்டு, நீர் வடிந்து நிலம் இறுகிய பிறகு திறந்து, உள்ளே வந்த மண்ணைப் பாருங்கள். தாழ்ந்த வீடுகளில் டேங்குக்குப் போகும் குழாயில் நொன் ரிட்டர்ன் வால்வ் ஒன்று பொருத்தினால் கழிவு பின்வாங்கி வீட்டுக்குள் வராது.

அறிகுறி: நாற்றம், ‘குளுக் குளுக்’ சத்தம்

பாவிக்காத அனெக்ஸ் பாத்ரூமில் மட்டும் நாற்றம் என்றால், தரைத் துளையின் கீழுள்ள நீர்ப்பூட்டு காய்ந்துவிட்டது. இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினால் போதும். கொமட்டைச் சுற்றி நாறினால் அடியில் பூசிய சீமெந்து விட்டிருக்கிறது.

ஒரு டொய்லட்டை ஃப்ளஷ் செய்யும்போது மற்றதில் அல்லது வோஷ் பேசினில் ‘குளுக் குளுக்’ என்றால் காற்றுக் குழாய் அடைத்திருக்கிறது. பறவைக் கூடு, இலை, சிலவேளை மேல்மாடி கட்டியபோது பாஸ் அடைத்துவிட்ட சீமெந்து. அந்தக் குழாய் கூரைக்கு மேல் உயர்ந்து நிற்க வேண்டும். மதிலோரம் ஆறடியில் நிறுத்தினால் உங்கள் டேங்கின் காற்று அயல் வீட்டு அக்காவின் குசினி ஜன்னலுக்குள் போகும். ஆறு பேர்ச் காணிகளில் நெருங்கி வாழும் இடத்தில் இது சின்ன விஷயமல்ல.

அறிகுறி: பொழுது சாய்ந்ததும் பாத்ரூமில் நுளம்பு

கியூலெக்ஸ் நுளம்பு அசுத்த நீரில்தான் முட்டையிடும். செப்டிக் டேங்க் அதற்குச் சொர்க்கம். இலங்கையில் யானைக்கால் நோயைப் பெரும்பாலும் பரப்புவது அதுதான். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையில் அந்த நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று உறுதிசெய்தது. அந்த நிலை தொடர வேண்டுமானால் நுளம்பை வளரவிடக் கூடாது. காற்றுக் குழாயின் வாயில் நைலோன் வலை கட்டுங்கள். டேங்கின் மேலுள்ள கொங்கிறீட் சிலாப்பின் வெடிப்பையும் மூடியின் ஓர இடைவெளியையும் சீமெந்தால் அடையுங்கள். அரைமணி நேர வேலை.

அறிகுறி: முற்றத்தில் ஈரம், ஓரிடத்தில் மட்டும் கரும்பச்சைப் புல்

சோக் பிட் தாங்காமல் கழிவு மேலே வருகிறது. அந்த இடத்தில் பிள்ளைகள் விளையாடக் கூடாது, செருப்பில்லாமல் நடக்கக் கூடாது. நீர்ப் பாவனையைக் குறைத்து, மேலே சோக் பிட்டுக்குச் சொன்ன படிகளைத் தொடங்குங்கள்.

இந்தக் கட்டத்தில் யாராவது வந்து, “ஒரு குழாய் போட்டு ரோட்டுக் கானுக்கு விட்டுடலாம், யாருக்கும் தெரியாது” என்பார்கள். தயவுசெய்து விடாதீர்கள். அந்தக் கான் மழைநீருக்கானது. அது வெள்ளவத்தை, தெஹிவளைக் கால்வாய்களில் விழுந்து, அங்கிருந்து நம் பிள்ளைகள் மாலையில் கால் நனைக்கும் கடற்கரைக்கு வருகிறது. மழை நாளில் கான் பெருகினால் அதே கழிவு லேனில் உள்ள எல்லார் வாசலிலும் நிற்கும். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டமும் நீர்நிலையை மாசாக்குவதைக் குற்றமாக்குகிறது, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து வழக்குப் போடவும் முடியும். சட்டத்தைவிட, அயலவரின் ஆரோக்கியத்தை எண்ணியே இதைக் கேட்கிறேன்.

அறிகுறி: கிணற்று நீரில் மாற்றம்

நீர் நாறும் வரை காத்திருக்க வேண்டாம். பக்டீரியா கலந்த நீர் பளிங்குபோல் தெளிவாகவும் இருக்கும். சோக் பிட்டுக்கும் கிணற்றுக்கும் இடையே 50 அடியாவது வேண்டும், மணல் நிலத்தில் அதற்கும் மேல். அயலவரின் குழியிலிருந்தும் அந்தத் தூரம் வேண்டும் என்பதைப் பலர் நினைப்பதில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் அவர்கள் குழி எங்கே என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வீட்டில் வயிற்றோட்டம் அடிக்கடி வந்தாலோ, டேங்க் ஒழுகுவது தெரிந்தாலோ, நீரை ஈ.கோலி பக்டீரியாவுக்கும் நைத்திரேற்றுக்கும் பரிசோதியுங்கள். சுகாதார வைத்திய அதிகாரியின் (எம்.ஓ.எச்.) அலுவலகத்தில் பி.எச்.ஐ.யிடம் வழி கேட்கலாம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது, நீர் வற்ற வற்ற செறிவு கூடும். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அந்த நீரில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கவே கூடாது.

அறிகுறி: சிலாப்பில் வெடிப்பு, மூடி ஆடுகிறது

இதற்கு நாள் குறிக்காதீர்கள், இன்றே அந்த இடத்தைத் தடுப்புப் போட்டு மறையுங்கள். டேங்கின் ஐதரசன் சல்பைட்டு ஈரக் கொங்கிறீட்டில் கந்தக அமிலமாக மாறி, சிலாப்பைக் கீழ்ப்பக்கத்திலிருந்து அரிக்கிறது. மேலே சிறு வெடிப்புத் தெரியும்போது உள்ளே கம்பி துருப்பிடித்து முடிந்திருக்கும். அதன்மேல் காரை நிறுத்தாதீர்கள்.

அதே வாயுதான் ஆளைக் கொல்வதும். குறைந்த அளவில் அழுகிய முட்டை மணம் வரும். அளவு கூடினால் மூக்கு மரத்து மணமே தெரியாது, அடுத்த சில மூச்சில் மயக்கம். விழுந்தவரைத் தூக்க அண்ணன் இறங்குவார், அவரைத் தூக்கத் தம்பி இறங்குவார், மூவரும் போவார்கள். யாராவது உள்ளே விழுந்தால் இறங்காதீர்கள். தீயணைப்புப் படைக்கு 110, அம்புலன்சுக்கு 1990. கூலிக்கு வந்தவர் “நான் இறங்கிச் சுத்தம் செய்கிறேன்” என்றாலும் இறங்கவிடாதீர்கள். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மூடி எங்கே என்றே தெரியாத வீடு

வாங்கிய வீடுகளில் இது சாதாரணம். முன்பிருந்தவர் கார் போர்ச்சுக்கு டைல் போட்டபோது மூடியும் கீழே போயிருக்கும். பாத்ரூமிலிருந்து வெளியே வரும் நான்கு அங்குலக் குழாய் எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். டேங்க் பெரும்பாலும் அந்த நேர்கோட்டில், சுவரிலிருந்து சில அடி தூரத்தில் இருக்கும். காற்றுக் குழாய் இன்னொரு தடயம். இரும்புக் கம்பியால் தரையைத் தட்டிக்கொண்டே போனால் டேங்கின் மேல் சத்தம் மாறும். நகர சபையோ பிரதேச சபையோ அங்கீகரித்த வீட்டு வரைபடம் கிடைத்தால் அதில் டேங்கும் சோக் பிட்டும் குறிக்கப்பட்டிருக்கும்.

கண்டதும் டைலை மறுபடி ஒட்டிவிடாதீர்கள். கைபிடியுள்ள, ஒருவர் தனியே தூக்க முடியாத பாரமான மூடியை நிலமட்டத்துக்கு மேல் கொண்டுவாருங்கள். டேங்கின் இரண்டு மூடி, சோக் பிட், மேன்ஹோல் எல்லாவற்றுக்கும் வீட்டின் இரண்டு மூலையிலிருந்து உள்ள தூரத்தை அளந்து, பவுசர் வந்த திகதி, சேற்றின் உயரம் இவற்றோடு ஒரு தாளில் எழுதி, மின்சாரக் கட்டணச் சிட்டைகள் வைக்கும் கோப்பிலேயே வையுங்கள். வீட்டை வாடகைக்கு விட்டால் அதன் பிரதி ஒன்றைக் குடியிருப்பவருக்கும் கொடுங்கள்.